சோளச் சக்கையும் கருவாட்டுத் தூளும்

ரமாபாயின் பன்றிக் கொட்டகை புழலைத் தாண்டி இருக்கிறது. வியாசர்பாடி வீட்டிலிருந்து காலையில் ஸ்கூட்டியில் கிளம்பிப் போவாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துத் தைத்து அலுத்துப்போய், அந்த வேலையை விட்டுவிட்டு அவளாகத் தொடங்கிய தொழில். பெரிய பன்றிகளுக்கு ஓட்டல் மிச்சம் போதும். பால் மறந்த குட்டிகளுக்குத்தான் சத்தான தீனி வேண்டும். அதற்கு நெட்டுக்குப்பம் கோவிந்தம்மா கருவாட்டுத் தூள் கொண்டுவந்து கொடுப்பாள். தூளோடு குப்பத்துக் கதைகளும் வரும். இருவரும் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது, தூள் நின்றது. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கிய சமயத்தில், லாரி ஓட்டும் ரமாபாயின் கணவன் அசோகன் ஒரு மூட்டையோடு கொட்டகைக்கு வந்தான். கூடவே புளித்த வாடையும் வந்தது.

"பட்டப்பகல்ல ஊத்திகினு வந்துகீறியா?"

"நான் இல்லமே, மூட்டைதான் நாறுது. சோளத்துலேர்ந்து எத்தனால் எடுத்து பெட்ரோல்ல கலக்குறாங்க இல்ல? அந்த ஆலைலதான் இப்ப லோடு அடிக்கிறேன். இது அதோட சக்கை. காயவெச்சு கோழித் தீனிக்கு அனுப்புறாங்க. நல்ல சத்து கீதாம்."

"குட்டிங்களுக்குப் போதை ஏறிட்டா?"

"போதையத்தான் அவங்க மொத்தமா வடிச்சிக்கினாங்களே. நமக்கு இன்னா மிச்சம் வெக்கப் போறாங்க?"

ரமாபாய்க்கு நம்பிக்கை வரவில்லை. கால்நடை டாக்டர் ஜானட்டுக்குப் போன் போட்டாள்.

"குடுக்கலாம் ரமா. ஒரேயடியா வேணாம், கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. பூஞ்சை புடிச்சதை மட்டும் தொடாதீங்க."

தவிட்டில் ஒரு கைப்பிடி கலந்து வைத்தாள். குட்டிகள் மோந்து பார்த்துவிட்டு ஓடின. காது கிழிந்த ஒரு பெண்குட்டி மட்டும் திரும்பி வந்து நக்கிப் பார்த்தது. பிறகு தொட்டியில் இடம் பிடிக்க ஒரே தள்ளுமுள்ளு. விலா எலும்பு மறைந்தது. ஆனாலும் பழைய வளர்ச்சி இல்லை என்பது ரமாபாய்க்குத் தெரிந்தது.

தடை முடிந்து கோவிந்தம்மா மூட்டையோடு வந்தவள், தொட்டியில் கிடந்த சோளச் சக்கையைப் பார்த்துவிட்டாள்.

"போட் போவாத நேரத்துல வேற ஆள் புடிச்சிட்டியா?"

டீயைத் தொடாமல், மூட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

குட்டிகளின் வளர்ச்சியைப் பற்றி ரமாபாய் டாக்டரிடம் மறுபடி கேட்டாள். "சக்கைல புரதம் இருக்கு. ஆனா குட்டி வளரத் தேவையான ஒரு சத்து அதுல கம்மி. மீன்ல அது நிறைய. ரெண்டையும் சேர்த்துக் குடுத்துப் பாருங்க" என்றார் ஜானட்.

கோவிந்தம்மா போட்டுவிட்டுப் போன மூட்டையைப் பிரித்துக் கலந்தாள். மாதம் திரும்புவதற்குள் குட்டிகள் திமுதிமுவென்று வளர்ந்தன. ரமாபாய் அவற்றை வீடியோ எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பத்துக்கே போனாள்.

"யக்கா, உன் தூள் வோணும். முன்ன மாதிரி அவ்ளோ இல்ல. ஆனா எப்பவும் வோணும்."

"கம்மியா வாங்குறேன்னு சொல்ல இவ்ளோ தூரம் வந்தியா?"

"போன்ல சொன்னா நீ கட் பண்ணிடுவ."

கோவிந்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீடியோவை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து வைத்தாள்.

"குந்து, சாப்ட்டுப் போ. அடுத்த தடைக்கு முன்னாடியே உனக்குன்னு தனியா மீன் காயவெச்சிடறேன்."