ஏழேகால் மணிச் சாப்பாடு

வளவனுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய தெருக்களில் ஒன்றில், மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு. அவன் தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து டிப்ளமா முடித்து வந்தவன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பால் கம்பெனியில், பாக்கெட் போடும் மிஷினில் வேலை. பால் விடியுமுன்னே கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அந்தக் கம்பெனியில் முக்கியமான வேலையெல்லாம் ராத்திரியில்தான். எட்டரைக்கு வேன் வரும், ஏறிக்கொள்வான். காலையில் ஏழு மணி வாக்கில் அதே வேன் கலெக்டர் ஆபீஸ் முனையில் இறக்கிவிட்டுப் போகும்.

அவன் மனைவி ஓவியா பி.காம். படித்தவள். தேரடித் தெருப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீடு. அவள் படியேறும்போது அவன் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் சிரிப்பார்கள். கிரிவலக் கூட்டம் வருகிற பௌர்ணமிக்குக் கேட்டால் சிரிக்கவும் மாட்டார்கள். ஞாயிறு ராத்திரி மட்டும் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நாள் முழுக்க நின்ற கால் வலியில் அவள் சாப்பிட்ட கையோடு சுருண்டு படுத்துவிடுவாள். ராத்திரியில் விழித்தே பழகிய அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

ஆக, இவர்களுக்கென்று மிச்சமிருந்தது காலை ஏழேகாலிலிருந்து எட்டு மணி வரைக்கும்தான்.

அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே ஓவியா ஐந்து மணிக்கு எழுந்தாள். வளவன் குளித்துவிட்டு வந்து உட்காரும்போது கல்லில் தோசை வெந்துகொண்டிருக்கும். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பைச் சுண்ட வைத்திருப்பாள். ஒரு முட்டை. கடைசியில் திக்காக ஒரு காபி. அவளுக்கு அது காலை டிபன், அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு. இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அறுபது புடவையை இறக்கச் சொல்லிவிட்டு ஒரு உள்பாவாடை வாங்கிக்கொண்டு போன அம்மாளைப் பற்றி அவள் சொல்லுவாள். மிஷினில் பாக்கெட் கவர் ரோல் அறுந்து முழங்கால் வரை பாலில் நனைந்ததை அவன் சொல்லுவான். சண்டையும் அதற்குள்ளேதான், சமாதானமும் அதற்குள்ளேதான். ஊரிலிருந்து அவன் அம்மா ராணியம்மாள் போன் போட்டு, ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டதைப் பற்றிப் பேசாமல் இருந்ததும் அந்த நேரத்தில்தான். அவன் ஐந்து தோசை சாப்பிடுவான். ஆறாவதை அவள் கேட்காமலே போடுவாள். வேண்டாமென்று அவன் சொன்னதில்லை.

அவள் கிளம்பின பிறகு ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பான். ஒன்பதரைக்கெல்லாம் நெஞ்சில் ஏதோ மேலேறி வரும். புளித்த ஏப்பம். எழுந்து உட்காருவான், தண்ணீர் குடிப்பான், மறுபக்கம் திரும்பிப் படுப்பான். பதினொரு மணிக்கு வெயில் போர்வையைத் துளைத்து வந்துவிடும். கீழ்வீட்டு மிக்சி, பழைய இரும்பு வாங்குகிறவனின் ஸ்பீக்கர், திங்கட்கிழமை என்றால் மனு கொடுக்க வருகிற கும்பலின் ஆட்டோக்கள். இவைதான் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று நம்பினான். காதில் பஞ்சு வைத்தான். ஜன்னலுக்கு இன்னொரு போர்வை வாங்கினான். சாப்பாட்டின் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பசியோடு படுத்தால்தான் தூக்கம் வராது என்று அறிந்து வளர்ந்தவன் அவன். வயிறு நிறைந்தும் தூங்க முடியாது என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு வருஷம் இப்படி மூன்று மணி, நான்கு மணித் தூக்கத்தில் ஓடியது.

கம்பெனியில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு தொங்கும். ராத்திரி ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசர் தருமன் அதில் அன்றைய தேதியைச் சாக்பீசால் எழுதிவைப்பார். ராத்திரி வேலை செய்கிறவர்களுக்கு நாள் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பது குழம்பிவிடும். அதனால் மிஷினில் பாக்கெட் தேதியைத் திருப்புகிறவன் போர்டைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் வளவன் பகல் முழுக்கக் கண் மூடவில்லை. அன்று ராத்திரி போர்டைப் பார்க்காமல், பழைய தேதியிலேயே மிஷினை ஓட்டினான். பார்க்க வேண்டும் என்றே படவில்லை. அவனுக்கு முந்தின நாள் இன்னும் முடியாமல் இருந்தது. தூங்கி எழுந்தால்தானே நாள் மாறும்.

விடிகாலையில் கடைக்காரர்கள் போன்மேல் போன் போட்டார்கள். வந்து இறங்கிய பால் தேதி முடிந்த பாலாக இருந்தது. போன பாலெல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.

தருமன் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் வளவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஓரமாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார்.

"இன்னாடா, பகல்ல தூங்கறதே இல்லியா நீ?"

"தூங்கறேன் சார். கம்மியாதான்."

"மேனேஜர் கிட்ட இந்த வாட்டி நான் பேசிட்டேன். இன்னொரு வாட்டி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. போய் டாக்டரைப் பாரு."

பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தான். அதற்கு ஏற்கெனவே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்றார் தருமன்.

டாக்டரம்மாவிடம் போனான். அவர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். படுக்குமுன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். வளவன் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆறு தோசையும் கருவாட்டுக் குழம்பும் காபியுமாகப் போய்ப் படுத்தால் வயிறு வேலை செய்யுமா, தூங்குமா என்று கேட்டார். படுக்குமுன் ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால், அதற்குமேல் வேண்டாம். காபி கூடவே கூடாது. வந்ததும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காமல் நேராகப் படுக்க வேண்டும். சாப்பாட்டை எழுந்த பிறகு மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று சொல்ல முடியாது, இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மாத்திரைகூட எழுதவில்லை.

அவனுக்கு அவர் மாத்திரை எழுதியிருக்கலாம் என்றிருந்தது. வாழைப்பழம் சாப்பிட இரண்டு நிமிஷம் போதும். மீதி நாற்பத்து மூன்று நிமிஷம் எங்கே போகும்?

ஓவியாவிடம், டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்றான்.

ஒன்பது நாள் அதை மறைத்தான். தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து நேரம் ஓட்டிப் பார்த்தான். பாதியைச் சட்னிக்கு அடியில் தள்ளிப் பார்த்தான். குழம்பு நன்றாக இல்லையா என்று அவள் கேட்டதும் அதையும் எடுத்துத் தின்றான். ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்கு நெஞ்சு எரியும்போது, இதுதான் விலை, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டான். பத்தாவது நாள் ராத்திரி மிஷின் முன்னால் நின்றபடியே கண் செருகியது. பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டுகிற பட்டையில் விரல் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. இரண்டு விரலில் கொப்புளம்.

காலையில் கட்டோடு வந்து உட்கார்ந்தவனை ஓவியா விடவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். தேதி, போர்டு, டாக்டர், வாழைப்பழம். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போடுவாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட வேனில் வரும்போதே யோசித்து வைத்திருந்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். கல்லை ஓரமாக நகர்த்தினாள். திரும்பியபோது அவள் முகம், கனமான பையைக் கீழே இறக்கி வைத்தவளின் முகம் மாதிரி இருந்தது.

"அப்போ நாளைலேர்ந்து நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேணாங்களா?" என்றாள்.

வளவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேங்க. காலைல எனக்கு ஒரு வாய் எறங்கறதில்ல. நீங்க ஆசையா வந்து உக்கார்றீங்களேன்னு நானும் உக்காந்தேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் அவன் விரலைப் பிடித்துப் பார்த்து, மருந்து போட்டார்களா என்று கேட்டாள். முன்பே சொல்லியிருந்தால் விரல் தப்பித்திருக்குமே என்று வருத்தப்பட்டாள். நல்லவள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து சமையல்கட்டு மேடையில் ஒரு தட்டில் வாழைப்பழமும் பக்கத்தில் மூடிவைத்த டம்ளரும் இருந்தன. அவன் சத்தம் போடாமல் கதவைத் திறந்து, சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு, அவள் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் படுப்பான். ஏழரைக்கு அலாரம் அடிக்கும்போது அவன் தூங்கியிருப்பான். அவள் அவனை எழுப்பாமல் குளித்து, கிளம்பிப் போய்விடுவாள். கடைக்குப் பக்கத்தில் பத்து மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுக்கொள்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

டாக்டரம்மா சொன்னது வளவன் விஷயத்தில் பலித்துவிட்டது. முதல் வாரம் ஐந்து மணி நேரம். மூன்றாவது வாரம் ஆறரை. நெஞ்செரிச்சல் நின்றது. மிக்சியும் ஸ்பீக்கரும் எங்கோ அடுத்த ஊரில் கேட்டன. கன்னம் கொஞ்சம் உப்பியது. போர்டைப் பார்க்காமலே அவனுக்குத் தேதி தெரிந்தது, இருந்தும் பார்த்துத் திருப்பினான். உனக்குக் கல்யாணக் களையே இப்போதான்டா வந்திருக்குது என்று தருமன் முதுகில் தட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

மூன்று மணிக்கு எழுந்து, அவள் முந்தின ராத்திரியே ஆக்கி ஃப்ரிட்ஜில் வைத்ததைச் சூடு பண்ணித் தனியாகச் சாப்பிடுவான். கேஸ் புக் பண்ணிடுங்க, கரண்ட் பில் வந்துருக்குது, நாளைக்கு லேட் ஆகும். அவள் போனில் அனுப்புவதெல்லாம் இவ்வளவுதான். அவனும் சரி என்று கட்டைவிரலை அனுப்புவான்.

கார்த்திகை தீபம் முடிந்து வெளியூர்க் கூட்டம் கலைந்த ஒரு சாயங்காலம், வாடகை விஷயமாகக் கீழே போனபோது வீட்டுக்காரம்மா எல்லம்மாள் சொன்னார்:

"பொண்ணைப் பட்டுப் பொடவை செக்சனுக்கு மாத்திட்டாங்களாமே. சந்தோசமா சொல்லிச்சு. உக்காந்து காட்டற வேலையாம், கால்வலி இருக்காதாம்."

ஆமாங்க என்றான் வளவன். எப்போது மாறினாள் என்று அந்த அம்மாளிடம் கேட்க முடியவில்லை. மாடிக்கு வந்து போனைத் திறந்து ஒரு மாதத்துச் செய்திகளையும் மேலே தள்ளிப் பார்த்தான். கேஸ், கரண்ட், லேட், கட்டைவிரல். அதில் பட்டுப் புடவை இல்லை. அவள் மறைக்கவில்லை. சொல்வதற்கு நேரம் என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கியவன் படுக்கவில்லை. மாவு ஃப்ரிட்ஜில் இருந்தது. கல்லைப் போட்டான். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் மூன்றாவதும் சுமாராக வந்தன. வெங்காயம் நறுக்கத் தெரியாமல் நறுக்கி ஒரு சட்னி வதக்கினான். தரையில் இரண்டு தட்டை எதிரெதிரே வைத்துவிட்டுப் போய் அவள் தோளைத் தொட்டான்.

ஓவியா பதறி எழுந்தாள். விரலில் மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். தட்டுகளைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். ஏழு இருபது. இன்னும் பத்து நிமிஷம் தூங்கியிருக்கலாம் என்ற கணக்கு அவள் கண்ணில் ஓடி மறைந்ததை அவன் பார்த்தான். அவள் முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். சட்னி நன்றாக இருக்கிறது என்றாள். ஒரு தோசையைப் பாதி தின்றாள். பட்டு செக்சன் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். நல்லா இருக்குங்க என்றாள். அடுத்து என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்பு தினமும் முக்கால் மணி நேரம் அப்படி என்னத்தைப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தான். அறுபது புடவை, ரோல், ஏதேதோ. அதையெல்லாம் பேசுவதற்கு நேற்றும் பேசியிருக்க வேண்டும்.

அவள்தான் எழுந்தாள். அவன் தட்டைப் பார்த்தாள், அவன் இன்னும் தொடவில்லை.

"இப்பதான் நல்லா தூங்கறீங்க. அதை ஏன் கெடுத்துக்கணும்? போய்ப் படுங்க" என்றாள். அவன் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு பீரோ திறக்கும் சத்தம், படியில் இறங்கும் சத்தம். வளவன் மீதித் தோசைகளைத் தட்டுப் போட்டு மூடினான். வாழைப்பழத்தை உரித்து நின்றபடியே தின்றான், பாலைக் குடித்தான், ஜன்னலில் போர்வையைக் கட்டினான். இன்றைக்காவது விழித்துக் கிடப்போம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தான். ஒன்பது மணிக்குள் தூங்கிப் போனான். மூன்று மணிக்கு எழுந்தபோது, நடுவில் ஒருமுறைகூடப் புரண்டு படுக்காதது போல் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது.