ஒரு படுக்கை, இரண்டு ஆம்புலன்ஸ்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மேலாளர்கூடக் காரியம் ஆகவேண்டுமென்றால் "அக்கா" என்று குழைவார். ஆனதும் "அந்தம்மா" ஆகிவிடுவாள்.

எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் போனில் காட்டும் செயலியை எழுதியவள் அவள். எழுதுவதற்கு முன் நான்கு மாதம் ஆம்புலன்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து ஊரெல்லாம் அலைந்தாள். பாலத்தடியில் சிக்னல் போய்விடும். அந்த நேரம் பார்த்து இரண்டு வண்டி ஒரே படுக்கையைக் கேட்டால்? சர்வரிடம் இன்னொரு தடவை விசாரித்த பிறகே "உங்களுக்கு உறுதி" என்று காட்டும்படி ஒரு சரிபார்ப்பை வைத்தாள். அதனால் இரண்டு நொடி தாமதம். ஓட்டுநர் எவரும் அதைக் குறை சொன்னதில்லை.

மென்பொருள்காரர்கள் கூடும் பெரிய மாநாடு வந்தது. தரவுகளோடு இணைந்து இயங்கும் செயலிகளைப் பற்றித்தான் இரண்டு நாளும் பேச்சு. மேடையேறப்போவது மேலாளர், அவர் பேசவேண்டியதை எழுதிக்கொடுத்தது அக்கா. உரையோடு திரையில் காட்டும் கடைசி ஸ்லைடில் இருந்த அவள் பெயர் மட்டும் "இடம் பத்தல" என்று காணாமல் போயிருந்தது. அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'உதவியாளர்'.

எண்ணூறு பேர் போனைத் திறந்து வைத்திருந்த அரங்கில் வைஃபை திணறிக்கொண்டிருந்தது. மேலாளர் இரண்டு போனைத் தூக்கிக் காட்டி, இரண்டிலும் ஒரே படுக்கையைத் தொட்டார். இரண்டும் பச்சையாக மின்னின. உங்களுக்கு உறுதி.

"ஒரு படுக்கைக்கு ரெண்டு பேரா? ஒருக்களிச்சுப் படுக்கணுமோ?" என்றார் முன்வரிசையில் ஒருவர். அரங்கமே சிரித்தது.

"அக்கா, என்ன இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று மைக்கிலேயே கேட்டார் மேலாளர்.

முகம் எரிய மேடையேறி மடிக்கணினியைப் பார்த்தாள். சரிபார்ப்பையே காணோம். முந்தாநாள் நீக்கியிருக்கிறார்கள், மாற்றியவர் பெயர் இருக்கும் இடத்தில் மேலாளர். காரணம்: 'மேடையில் வேகமாகத் தெரிய'. அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. கை கேட்கவில்லை. பழையதை ஏற்றினாள். இந்தமுறை ஒரு போன் பச்சை காட்டியது; மற்றது 'வேறு மருத்துவமனை பாருங்கள்' என்றது. கைதட்டல் அதிர்ந்தது.

"எங்க டீமோட வேகத்தப் பாத்தீங்கல்ல?" என்றார் மேலாளர்.

தேநீர் இடைவேளையில் வேறொரு நிறுவனத்துப் பெண் அவளிடம் வந்தாள். "முதல்ல ஏன் அப்படி ஆச்சு?"

"சரிபார்ப்ப எடுத்துட்டார்."

"யாரு?"

அக்கா ஒரு மிடறு குடித்தாள். "பேசினாரே, அவர்தான்."

சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை மேலாளர் காதுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அவளைப் பழைய அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். "உங்க நன்மைக்குத்தான்கா" என்றார் அவர்.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றான் கணவன்.

"ஆள் செத்துப்போற விஷயங்க."

"அத நீ ஒருத்திதான் பாக்கணுமா?"

மறுநாளே மேலிடத்துக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பினாள். 'பரிசீலிக்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. அடுத்த மாதம் செயலியின் புதிய வடிவம் வெளியானது. வேகமாக இருந்தது. சரிபார்ப்பு இல்லை.

பயந்து, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தனக்குத் தெரிந்த பெரியவரைக் கூப்பிட்டாள். "ஐயா, அந்தப் பச்சைய நம்பி வண்டிய அனுப்பிடாதீங்க."

"எங்கம்மா நம்பறது? ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போய் நோயாளியோட திரும்பியாச்சு. இப்ப பழையபடி ஒவ்வொரு மருத்துவமனையா போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கிளம்பறோம். உங்க செயலிய இங்க யாரும் தொடறதே இல்ல."

திட்டுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'உங்க' என்ற சொல் சுருக்கென்று தைத்தது.

"அது என்னோடது இல்லீங்க ஐயா" என்று சொல்லி போனை வைத்தாள்.