எல்லாரும் எழுந்தாச்சா?

சவரக் கிண்ணத்தில் சோப்பைப் போட்டு, தூரிகையால் சுற்றிச் சுற்றி நுரை கூட்டினார். நுரை கெட்டியானதும் கேஸ் குழாயின் முதல் மூட்டில், தாடை வளைவில் பூசுவதுபோல், கீழிருந்து மேலாக இழுத்தார். பிறகு இரண்டாவது மூட்டு. பிறகு மூன்றாவது. பூசி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்கேயாவது கேஸ் கசிந்தால் அந்த இடத்தில் நுரை மெல்ல ஒரு கண்ணைத் திறக்கும். திறக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் அப்படி நின்றால், குழாயும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய் வெந்நீர் பாய்லர் மாட்டுகிறவர். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி அவரிடமும் ஒன்று உண்டு, பையின் அடியில். "பேட்டரி தீர்ந்தா அது பொய் சொல்லும். சோப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. நுரைக்காரர் என்றால் தெரியும்.

வேலையில் அவசரம் என்பது கிடையாது. முதலில் தண்ணீர். தொட்டி நிரம்பி, குழாய் காற்றைக் கக்குவது நின்று, தண்ணீர் ஒரே இழையாக விழும்வரை கேஸ் பக்கம் திரும்பமாட்டார். "வெறும் வயித்துல தீய வெக்கலாமா? அதுக்கும் எரியும்ல." அப்புறம் நுரை. அப்புறம் தரையோடு குனிந்து மோந்து பார்ப்பது. இத்தனைக்கும் பிறகுதான் தீ. சின்னச் சுடரை ஏற்றி, பொத்தானை அழுத்தியபடி முப்பது எண்ணுவார். கையை எடுத்த பின்னும் சுடர் நின்றால் ஒரு தலையாட்டல். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் நாக்கு நீட்டினால் அந்த நிமிஷமே அணைத்துவிடுவார்.

கடைசிச் சோதனைக்கு வீட்டில் இருக்கிற கதவு ஜன்னல் அத்தனையையும் சாத்தச் சொல்வார். பாய்லரை முழுத் தீயில் எரியவிட்டு, அணைத்த தீக்குச்சியின் புகையை, பாய்லர் தலையில் புகைக்குழாய் ஏறுகிற இடத்தில் காட்டுவார். புகையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டால் வீடு மூச்சு விடுகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குப் போன் போகும். "எல்லாரும் எழுந்தாச்சா?" எழுந்தாச்சு என்றால் வைத்துவிடுவார். தண்ணீர் சூடாக வருகிறதா என்றுகூடக் கேட்கமாட்டார். இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது. அவர் மனைவிக்கு மட்டும் வேறு வழக்கு. "ஊர்ல இருக்கிறவங்க எழுந்தாச்சான்னு கேக்கறீங்களே, பக்கத்துல படுத்திருக்கறவ எழுந்தாச்சான்னு ஒருநாளாவது கேட்டதுண்டா?" என்பார். சொல்லிக்கொண்டே போனையும் எடுத்து நீட்டுவார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வீட்டில் புகைச் சோதனையை விட்டுவிட்டுக் கிளம்பினார். மறந்து வைத்த ஸ்பேனருக்காக மறுநாள் காலை போனார். மணியை அழுத்தினார். கதவு திறக்கவில்லை. உள்ளே அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாரும் எழவில்லை. புகைக்குழாயில் குருவிக்கூடு என்று விசாரணையில் எழுதினார்கள். அவர்மேல் தப்பில்லை என்றும் எழுதினார்களாம். அந்தக் காகிதத்தை அவர் இன்றுவரை படித்ததில்லை.

இன்று நுரை பூசிக்கொண்டிருந்தது கணக்கு டீச்சர் வீட்டில். ஓய்வுபெற்றவர், கணவர் போன பிறகு தனியாக இருக்கிறவர். வேறு ஊரிலிருக்கும் மகள்தான் போனில் ஏற்பாடு செய்திருந்தாள். "தினம் தலைவலிங்கறாங்கண்ணே. தனியா வேற பேசிக்கறாங்க. பழைய பாய்லரத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வெச்சிடுங்க. சுடுதண்ணியாவது ஒழுங்கா வரட்டும்."

படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில், ஆள் திரும்ப இடமில்லாத ஒரு சின்ன அறையில் பாய்லர். பழையதைக் கழற்றியபோது அதன் எரிவாய் முழுக்கக் கரி. விரலால் வழித்துப் பார்த்தார். அதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டது வேறு: சாப்பாட்டு மேஜையில் இரண்டு டம்ளர் தண்ணீர், இரண்டு நாற்காலிகள் இழுத்துப் போட்டபடி, படுக்கையறை வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, உள்பக்கம் பார்த்தபடி.

நுரை எங்கும் கண் திறக்கவில்லை. புதுப் பாய்லரைப் பற்றவைத்தார். முப்பது எண்ணினார். சுடர் நின்றது. கதவு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகச் சாத்தி வந்தார் டீச்சர். அந்த வேலை அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது. நுரைக்காரர் பத்து நிமிஷம் எரியவிட்டு, தீக்குச்சியை ஊதி அணைத்து மேலே காட்டினார்.

புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு திரும்பி, தெரிந்தவரைத் தேடி வருவதுபோல், நேராக அவர் முகத்துக்கு வந்தது.

பாய்லரை அணைத்தார். ஜன்னல்களைத் திறந்தார். வாசலுக்குப் போய் இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டுத் திரும்பி வந்து சுவரை அண்ணாந்து பார்த்தார். காற்று வருவதற்காக உச்சியில் போட்டிருந்த வட்டத் துவாரத்தில் வெளிச்சம் தெரியவில்லை. முக்காலி போட்டு ஏறி உள்ளே விரலை விட்டு இழுத்தார். முதலில் வந்தது ஒரு கை. சட்டைக் கை, பொத்தான் போட்டபடி. அப்புறம் காலர். அப்புறம் முழுச் சட்டையும், கரி பிடித்து.

"அவரோடதுதான்" என்றார் டீச்சர், கதவோரம் நின்று. "அந்த ஓட்டைய அவரேதான் போட்டார். காத்தடிச்சா விசிலடிக்கும். இருந்தப்ப அதுக்காகத் திட்டாத நாள் கிடையாது. போனப்புறம் அந்த விசிலக் கேக்க முடியல. அதான் சொருகிட்டேன்."

"எப்போ டீச்சர்?"

"அவர் போன மறு வாரம். ஆறு மாசம் ஆச்சு."

நுரைக்காரர் முக்காலியிலேயே உட்கார்ந்தார். எல்லா வீட்டிலும் சொல்வதை இங்கேயும் சொன்னார். "நாத்தமடிக்கிற கேஸ் நல்லவன் டீச்சர். சொல்லிட்டுத்தான் வருவான். காத்து பத்தாம எரிஞ்சா வரானே இன்னொருத்தன், அவனுக்கு மணம் கிடையாது, நெறம் கிடையாது. பக்கத்துல வந்து நின்னாலும் செருப்புச் சத்தம்கூடக் கேக்காது."

"இங்க கேக்குமே" என்றார் டீச்சர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாயங்காலம் குளிச்சிட்டு வந்து உக்காந்தா, அரை மணி நேரத்துல நடையில செருப்புச் சத்தம் கேக்கும். அந்த வாசல்ல வந்து நிக்கும். ஜன்னல் திறந்திருந்தா வராது, மூடினாத்தான். மக வந்திருந்தப்ப எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுட்டா. ரெண்டு நாளும் வரல."

"டீச்சர், அது அந்த வாயு. தலைக்கு ஏறினா சத்தம் கேக்கும், ஆள் தெரியும். இன்னும் கொஞ்சம் ஏறினா எதுவுமே கேக்காது. இன்னைக்கே டாக்டரப் பாத்துடணும்."

"முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ தம்பி நான். பேய் பிசாசுன்னு நான் ஏதாவது சொன்னேனா? வருதுன்னுதான் சொன்னேன்."

மறுபடி எல்லாம் சாத்தி, மறுபடி பற்றவைத்தார். இந்தத் தடவை புகை ஊசியில் நூல் நுழைவதுபோல் குழாய்க்குள் போனது. தீ நீலமாக நின்றது. வெளியே காற்று எழுந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே துவாரம் நீளமாக ஒரு விசிலடித்தது. இருவருமே மேலே பார்த்தார்கள்.

டீச்சர்தான் முதலில் பேசினார். "அந்தச் சட்டையத் திரும்ப வெச்சிட்டுப் போயிடுங்க தம்பி."

"வெச்சிட்டுப் போனா, நாளைக்குக் காலைல நான் கூப்பிடறப்ப எடுக்க ஆள் இருக்காது."

"இருப்போம்" என்றார் டீச்சர். "ரெண்டு பேரும்."

நுரைக்காரர் மறுபடி முக்காலியில் ஏறினார். பையிலிருந்து இரும்புச் சல்லடை ஒன்றை எடுத்துத் துவாரத்தின்மேல் வைத்து, நான்கு மூலையிலும் திருகாணியை முடுக்கினார். வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாக. முடுக்கும்போதே தெரிந்தது, இது போதாது. ஒரு வீட்டில் எத்தனை சந்து, எத்தனை துணி.

இறங்கினார். டீச்சர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சட்டை அவருடையதுதான், தராமல் இருக்க முடியாது. கொடுத்தார்.

"மகளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். டீச்சர், மறுபடி எதையும் அடைக்கமாட்டீங்கல்ல?"

டீச்சர் சட்டையை உதறினார். காலரை நீவிவிட்டார். பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார், உள்ளே ஆள் இருப்பதுபோல், மெதுவாக. பிறகு அதை முழங்கையில் போட்டுக்கொண்டு அறையைவிட்டுப் போனார். படுக்கையறையிலிருந்து ஜன்னல் கொண்டி விழும் சத்தம் வந்தது.

நுரைக்காரர் பாய்லரை அணைத்தார். கேஸ் வால்வை மூடினார். புதுப் பாய்லரைப் பற்றவைக்கத் திருகும் நாபைப் பிடித்து இழுத்துக் கழற்றி, தன் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.