மூடப்படும் பக்கத்தில் பெயர் எழுதியவர்

நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் அலுவலகத் தொலைபேசியில் தோஹாவிலிருந்து அழைப்பு. முற்பகல் பதினோரு மணி. பேசியவர் செல்வராஜ், லாரி டிரைவர். முன்பு அபுதாபி தொழிலாளர் கேம்பில் என் பக்கத்துக் கட்டில்காரர்.

"சார், நம்ம பனியண்ணன் போயிட்டாரு."

"எப்படி?"

"தொழில்பேட்டையில லோடு எறக்குறப்ப சங்கிலி அறுந்துருச்சு. நெஞ்சுல ஒரே அடி. ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோக முடியல." மூச்சு வாங்கினார். "அந்தச் சங்கிலி ஆகாதுன்னு காலையிலயே சத்தம் போட்டுருக்காரு சார். வேற சங்கிலி மாஃபி, கிடையாது, இருக்குறத வச்சு எறக்குன்னுட்டானுங்க."

பள்ளிக்கு வெளியே, ஈசா டவுன் வெயிலில் வந்து நின்றேன். அழுகை வரவில்லை. என் வலது கை தானாக மேலே உயர்ந்து முட்டியாக மூடிக்கொண்டது. கிரேன் வேலையில் அதற்கு ஒரே பொருள்: நிறுத்து. அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட சாடை. நிறுத்த வேண்டிய நாளில் நான் அதைக் காட்டவில்லை.

அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். கேம்பில் அவரோடு இருந்த உங்களுக்காக.

பனியடிமை தூத்துக்குடிக்காரர். பனிமய மாதாவின் பெயரால் வைத்த பெயர். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு துறைமுகச் சுவர். லாரி அளவுள்ள கான்கிரீட் கற்களைக் கரையில் வார்த்து, கிரேனால் தூக்கி, கடலடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் வேலை. அவர் பாரம் தூக்கும் கலாசிகளின் தலைவர். கல்லுக்குக் கம்பிக்கயிறு மாட்டுவார். கிரேனுக்குக் கைச்சாடை காட்டுவார். இறங்கும் கல்லுக்கடியில் ஆள் இல்லை என்று உறுதி செய்வார். நான் டைம்கீப்பர். சென்னையில் வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு வந்து, யார் டூட்டி, யார் லீவு என்று பதிவேட்டில் எழுதியவன். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏ எம்மே" என்பார்.

அவரை நான் முதலில் கவனித்தது ஒரு மூக்கு உடைந்தபோது.

பிரமிடுகளை வேற்றுக் கிரகத்தார் கட்டினார்கள் என்ற பேச்சு அப்போது எங்கும் பரவியிருந்தது. மெஸ்ஸில் ஏசி மெக்கானிக் பாஸ்கர் சோற்றைப் பிசைந்தபடி அதை விளக்கிக்கொண்டிருந்தான்.

"யோசிச்சுப் பாருங்க. கிரேன் கிடையாது. சக்கரம்கூட சரியாக் கிடையாது. அவ்ளோ பெரிய கல்ல மனுசன் எப்படித் தூக்குவான்? மேலேருந்து வந்தவன்தான் தூக்கி வச்சிருக்கான்."

எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஏல, நீ எப்பமாவது ஒரு கல்லத் தூக்கியிருக்கியா?"

"நான் ஏசி மெக்கானிக்ணே."

"அதாம் கேக்கேன்."

அலுமினியத் தட்டு பறந்து வந்து பாஸ்கரின் முகத்தில் மோதியது. சாம்பாரும் ரத்தமும் சட்டையில் ஒன்றாக வழிந்தன. பிடித்து இழுத்த நான்கு பேரையும் உதறிக்கொண்டு பனியடிமை கத்தினார்.

"செத்தவம் கூலியத் திருடுனீய. பேரத் திருடுனீய. செஞ்ச வேலையையுமால திருடுவீய?"

அன்று அவரை வெறுத்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு அறைக்கு வந்தது.

என்னிடம் எகிப்தைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று இருந்தது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தக விலைக்கு வாங்கியது. அது அவர் காதுக்கு எட்டிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பகல்களில் வந்து என் கட்டிலில் உட்காருவார். "எடுல பொஸ்தகத்த." எங்கள் சர்வேயர் ஃபௌசியும் வருவார். கெய்ரோக்காரர். பிரமிடுகளைத் தன் பாட்டன் கட்டிய வீடு போலப் பேசுவார். அவர் உடைந்த ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழாக்குவேன்.

அஸ்வான் பாறையில் முடிக்கப்படாமல் கிடக்கும் ஒற்றைக்கல் தூணின் படம். மலையிலிருந்து முற்றிலும் பிரிக்கப்படாத கல். உலகிலேயே பெரிய தூணாக நின்றிருக்க வேண்டியது. விரிசல் விழுந்ததால் கைவிட்டார்கள் என்றார் ஃபௌசி.

"விரிசல் விழுந்த அன்னைக்கி எத்தன பேர அடிச்சான்னு கேளு."

கேட்டேன். ஃபௌசி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அது எங்கும் எழுதப்படவில்லை என்றார்.

"அதாம்ல மர்மம்" என்றார் பனியடிமை.

தாஷூரில் ஒரு பிரமிடு இருக்கிறது. பாதி உயரம்வரை ஒரு சரிவு. அதற்குமேல் சரிவு தணிந்து, வளைந்ததுபோல் நிற்கும். காரணம் பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. நான் வாதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வளைவில் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல ஒருநா சரிஞ்சிருக்கு. கீழ நின்னவனுவ நசுங்கியிருக்கானுவ. பொறவு பயந்துபோயி சரிவக் கொறச்சிருக்கான்."

"அது ஒரு ஊகம்தான் அண்ணே."

"ஊகமா? தூத்துக்குடி ஹார்பர்ல நான் பாத்தேம்ல. மூணு பேரு. செருப்பு மட்டும் மெதந்துது."

பெரிய பிரமிடின் அரசன் அறை. உள்ளே மூடியில்லாத வெறும் கல்பெட்டி. உடல் கிடைக்கவேயில்லை என்றேன். அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அப்பம் அது ராசா சமாதி இல்ல. எவம் கல்லுக்கடியில போனானோ அவம் சமாதி."

அந்த அறைக்கு மேலே ஐந்து தாழ்ந்த வெற்றிடங்கள் உண்டு. கூரையின்மேல் விழும் பாரத்தைத் தாங்குவதற்காக விடப்பட்டவை. யாரும் நுழையக் கூடாத இடம், வழியே வைக்கவில்லை. வெடிமருந்து வைத்து உடைத்துப் போனவர்கள் அங்கே சிவப்புச் சாயத்தில் எழுத்துகளைப் பார்த்தார்கள். கல் இழுத்த குழுக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். மன்னனின் நண்பர்கள் என்று ஒரு குழு.

"யாரு படிக்கணும்னு எழுதுனானுவ?"

ஃபௌசி தோளைக் குலுக்கினார். "யாரும் படிக்க முடியாது. அதற்குத்தானே மூடியது."

பனியடிமை மறுநாள் காலை இரும்புக் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் அடிக்கும் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு கற்கள் கிடக்கும் முற்றத்தில் நின்றார். ஒவ்வொரு கல்லிலும், அடுத்த கல் வந்து மூடப்போகும் பக்கத்தில், அன்றைய குழுவின் பெயர்களைத் தமிழில் எழுதினார். பஞ்சாபிகளின் பெயர்களையும்.

ஒன்றை அவர் யோசிக்கவில்லை. கடலில் இறங்குமுன் பெயின்ட் காய வேண்டும். ஆகவே வேலை தொடங்குமுன்பே எழுத வேண்டியிருந்தது. வேலை முடியுமுன் பெயர். மிக்கேல்தான் அதைச் சொன்னவன். அவர் தெருக்காரன். ஊரில் சங்கு குளித்தவன், இங்கே நீருக்கடியில் நின்று கல்லை இடம் பார்த்து அமர்த்துபவன்.

"அண்ணே, உசுரோட இருக்கப்பவே கல்லுல பேரு எழுதுதீயளே. எங்கம்மா பாத்தா வெளக்குமாத்தால சாத்துவா."

"வாய மூடிட்டு முங்குல."

இருவரும் சிரித்தார்கள். அந்த நாளின் காலை ஆறரை அது.

பகல் பன்னிரண்டுக்கு யாரோ பெரிய மனிதர் வேலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் அந்த வரிசை முடிய வேண்டும். சூப்பரின்டென்டென்ட், வெள்ளை ஹெல்மெட், யல்லா யல்லா, சீக்கிரம் என்று கத்திக்கொண்டே இருந்தார். கல் நீர்மட்டத்தில் தொங்கியது. கீழே மிக்கேல். அவன் விலகிவிட்டால் சாடைக் கயிற்றை மூன்று முறை இழுப்பான். இன்னும் இழுக்கவில்லை. பனியடிமையின் முட்டி மேலே நின்றது. நிறுத்து.

அவருக்குப் பின்னாலிருந்து வெள்ளை ஹெல்மெட் கையைக் கீழே இறக்கிக் காட்டியது. கிரேன் டிரைவர் கான் இரண்டு கைகளைப் பார்த்தான். பெரிய கைக்குக் கீழ்ப்படிந்தான்.

நீரின் மேல் வந்துகொண்டிருந்த காற்றுக் குமிழிகள் நின்றன. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். கையில் பதிவேடு. கத்தியிருக்கலாம். குமிழிகள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்கு" என்றார் பனியடிமை.

சூப்பரின்டென்டென்ட் முடியாது என்று தலையசைத்தார். ஆள் முடிந்துவிட்டான் என்றார். பெரிய மனிதர் வந்து பார்த்துப் போகட்டும். கல் அங்கேயே இருக்கட்டும். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பெயருக்கு எதிரே லீவு என்று எழுதச் சொன்னார். லீவு நாளில் நீந்தப் போய் மூழ்கினான் என்பது கதை.

"இன்னொரு பிரமிடு கட்டப் போறீயளால?"

பனியடிமை கேட்டது எங்கள் எல்லோரையும். யாரும் அசையவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிரேனில் ஏறினார். கேபின் கண்ணாடி ஒரே அடியில் நொறுங்கியது. கடப்பாரை முனையைக் கானின் தொண்டையில் வைத்தார். "பாய். உட்டாவ். தூக்கு." கான் அழுதுகொண்டே லீவரை இழுத்தான். கல் எழுந்தது. அதன்பின் நீரில் எழுந்ததை நான் எழுதப்போவதில்லை. பித்தளைத் தலைக்கவசம் தட்டைப் போலாகியிருந்தது என்பது போதும்.

தொங்கிய கல்லின் பக்கவாட்டில் ஐந்து பெயர்கள். மூன்றாவது மிக்கேல். அவன் அன்று வேலையில் இருந்தான் என்று சொல்ல உலகில் இருந்த ஒரே எழுத்து அது. ஏனென்றால் அதற்குள் நான் பதிவேட்டில் எழுதிவிட்டேன். லீவு. என் கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே இருந்தது.

கல்லைக் கரையில் வைத்ததும் பெயர்களைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டச் சொன்னார்கள். பனியடிமை கல்லோடு முதுகை ஒட்டி நின்றார். காவலாளிகள் நான்கு பேர். முதலில் வயிறு. பிறகு முழங்கால். விழுந்தவர் எழுந்து அதே இடத்தில் கையை விரித்து வைத்தார், மூன்றாவது பெயரின்மேல். அவரிடமிருந்து பிடுங்கிய கடப்பாரையால் அந்தக் கையை அடித்தார்கள். இரண்டு விரல்கள் அங்கேயே போயின. எலும்பு கான்கிரீட்டில் படும் ஒலி சிறியது. நான் அதுவரை அறியாத ஒலி.

கலாஸ், முடிந்தது என்றார் ஒருவர். சுரண்டினார்கள். பெயின்டும் ரத்தமும் ஒரே நிறத் தூளாக உதிர்ந்தன. மிக்கேலின் உடல் ஊருக்குப் போனது, லீவு என்று சொல்லும் காகிதத்தோடு.

பனியடிமைக்கு விசா கொடுத்த முதலாளி, கஃபீல், அதை ரத்து செய்தார். நான்கு நாள் கேம்பில் கிடந்தார், கையில் துணிக்கட்டோடு. ஒருமுறைகூடப் பதிவேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருநாள் ஃபௌசி வந்து உட்கார்ந்தார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"எங்கள் ஊர்க் கற்களைப் பற்றி இனி நான் பெருமை பேசமாட்டேன் என்று சொல்."

சொன்னேன். பனியடிமை கண்ணைத் திறந்தார்.

"பேசச் சொல்லு. தூக்குனவன வச்சுப் பேசச் சொல்லு."

வெள்ளிக்கிழமை. மறுநாள் அவருக்கு ஊருக்கு விமானம்; தோஹாவுக்குப் போனது பிறகு, வேறு விசாவில். பகலில் முற்றம் காலியாக இருந்தது. ஃபௌசியிடம் கேட்டின் சாவி இருந்தது. மூவரும் போனோம். அடுத்து இறங்க வேண்டிய கல்லின் முன்னால் நின்றார். ஃபௌசி பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். பனியடிமை பிரஷ்ஷை இடது கையில் எடுத்தார். எழுத்துகள் குழந்தை எழுதியவைபோல் சாய்ந்தன. மிக்கேல். கான். பனியடிமை. அன்றைய குழுவின் மற்ற இருவர். பிறகு பிரஷ் நின்றது.

"ஏ எம்மே. ஒம் பேரு என்னல?"

"ரகுராமன்."

எழுதத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். "என் பேரு வேண்டாம்ணே. நான் எழுதுனது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்ன ஏன்?"

"நீயும் அங்கதானல நின்ன."

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, முடித்தார். ஃபௌசி அளவு நாடாவை எடுத்துக் கல்லை அளந்தார். சரிபார்த்தது என்ற தன் முத்திரையை மேல்பக்கத்தில் இட்டார். அந்த முத்திரை விழுந்த கல்லை யாரும் மறுபடி புரட்டிப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை அது கடலில் இறங்கியது. ஞாயிறு அடுத்த கல் வந்து அதை மூடியது.

அந்தச் சுவரில் இன்று கப்பல்கள் கயிறு கட்டி நிற்கின்றன. யாராவது ஒருநாள் உடைத்துப் பார்த்தால் ஆறு பெயர்களைக் காண்பார்கள். கடைசிப் பெயர் கல் இழுத்தவனுடையதா, இறந்தவனுடையதா, பொய் எழுதியவனுடையதா என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. மர்மம் என்பார்கள்.

பனியடிமையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். என் பெயர், அவர் கையெழுத்தில், யாரும் எட்ட முடியாத இடத்தில், மிக்கேலின் பெயருக்குக் கீழே. என்னால் அதைச் சுரண்ட முடியாது. படிக்கவும் முடியாது.

ஆகவே எல்லோரும் படிக்கும் இடத்தில் இதை எழுதுகிறேன். மிக்கேல் அன்று லீவில் இல்லை. டூட்டியில் இருந்தான். பனியடிமையின் முட்டி மேலே நின்றதையும், அதையும் மீறிக் கல் இறங்கியதையும் பார்த்தேன். நானும் அங்கேதான் நின்றேன்.