கண் வைத்துப் பார்க்காதவர்

காஞ்சிபுரத்தில் கேமரா ரிப்பேர் செய்யும் அவர் மெலிந்த, நரைத்த மனிதர். என் பழைய ஃபிலிம் கேமராவில் இறுகிப்போன ஃபோகஸ் வளையத்தைச் சரிசெய்தார். ஆனால் அதன் வழியே தான் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

"நீயே பாருப்பா. நான் இதுல கண்ணு வெக்கறதில்ல."

ஏன் என்று கேட்டேன்.

"முன்னாடி போலீசுக்குப் பொணத்தைப் படம் எடுத்துக்கினு இருந்தேன். நேரா பார்க்க மனசு வராது, கேமரா வழியாத்தான் பார்ப்பேன். ஒருநாள் தாமல் ஏரிக்கரையில ஒரு பொம்பளயப் போட்டிருந்தாங்க. வளையத்தைத் திருப்பத் திருப்பத்தான் முகம் தெளிவாச்சு. என் தங்கச்சி."

"படம் எடுத்தீங்களா?" என்றேன்.

"எடுத்தேன். அங்க வேற யாருப்பா இருந்தா எடுக்க?"

கேமராவை வாங்கி லென்சைத் துடைத்துக் கொடுத்தார். படம் எடுத்தாரா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இன்றும் உறுத்துகிறது.