இரண்டு அணிக்கும் ஒரே ட்ரம்மர்

பர்மாவின் யாங்கோனில் தேநீர்க்கடைக்குள் நுழைந்த முதல் நாளே யாரோ எனக்கு முத்தம் கொடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி முறைத்தேன். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் சாவகாசமாக உதட்டைக் குவித்து மறுபடியும் அதே சத்தத்தை எழுப்பினார். பரிமாறுகிறவர் விரைந்து வந்து அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் வைத்துவிட்டுப் போனார். கடையில் ஆளைக் கூப்பிட இங்கே அதுதான் வழியாம். எங்கள் நாகர்கோவிலில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படிச் செய்தால் செருப்பு பறக்கும். நான்கு வருடத்தில் நானும் கூச்சமில்லாமல் உதட்டைக் குவிக்கப் பழகிவிட்டேன். போன விடுமுறையில் ஊரில், வடசேரியில் ஒரு கடையில் பழக்கதோஷத்தில் செய்துவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

யாங்கோனின் மிங்கலாடோன் பகுதியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பசுந்தாங் பகுதியில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் ட்ரம்ஸ் வாசிப்பேன். ஊர்ச் சபையில் முதலில் வாசித்தவன் என் அண்ணன் ஜெபின். அவன் ராணுவத்துக்குப் போனபிறகு குச்சிகள் என் கைக்கு வந்தன. அவன் காஷ்மீர் எல்லையில் இருந்த இரண்டு குளிர்காலமும் வீட்டில் தொலைபேசி அடித்தால் அம்மா அதை எடுப்பதற்கு முன்பே ஜெபிக்கத் தொடங்கிவிடுவாள். பாகிஸ்தான் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மணிச்சத்தம்தான்.

அப்படிப்பட்ட நான் பாகிஸ்தான் குழுவுக்கு ட்ரம்ஸ் வாசித்தேன் என்றால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் டோ நுவே. இசைப்பள்ளி நடத்துகிற பர்மிய அம்மாள். இங்கே மரியாதைக்குப் பெரிய பெண்கள் பேருக்கு முன் டோ, பெரிய ஆண்களுக்கு ஊ, இளம்பெண்களுக்கு மா என்று சேர்ப்பார்கள். இந்திய, பாகிஸ்தான் தூதரகத்துப் பிள்ளைகள் இரு பக்கமும் அவரிடம் ஒரே வகுப்பில் கிதார் படிக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் மட்டும் வராந்தாவின் எதிரெதிர் மூலைகளில் நின்று தங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், பள்ளி மண்டபத்தில் ஒரு ராக் கச்சேரி வைக்கலாம் என்றார். இந்தியாவுக்கு அரை மணி நேரம், பாகிஸ்தானுக்கு அரை மணி நேரம். இந்தியாவுக்கு இங்கே வேலை பார்க்கிற எங்கள் நால்வர் குழு, அதில் ட்ரம்ஸ் நான். அந்தப் பக்கம் கராச்சியிலிருந்து ஒரு குழு. ஆச்சரியம், இரண்டு தூதரகமும் சம்மதித்தன. சேர்ந்து பாடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

முந்தின நாள் ஒத்திகையிலேயே சண்டை வந்துவிட்டது, கொடிகளால். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பர்மாத் தமிழர் ஊ இஸ்மாயில் டேப் பிடித்து இரண்டு கம்பங்களையும் அளந்து, "ஒரே ஒசரந்தான்" என்றார். அப்படியானால் வலப்பக்கம் யாருடையது என்று இரண்டு தூதரக அதிகாரிகளும் கேட்டார்கள். டோ நுவே இரண்டு கொடிகளையும் மரியாதையாக மடித்து அவரவரிடமே கொடுத்துவிட்டு, மேடையில் இரண்டு பூச்சாடிகளை வைத்தார். எந்தச் சாடி பெரியது என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்தக் கலவரத்துக்கு நடுவேதான் கராச்சிக் குழுவின் பாடகர் கம்ரான் என்னிடம் வந்து மடமடவென்று ஏதோ பேசினார். ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தேன். சம்மதம் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தியாக்காரிக்கு இந்தி தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யாங்கோனின் பபேடான் பகுதி மதரசாவில் உருதுவும் படித்திருந்த ஊ இஸ்மாயில்தான் இடையில் வந்தார்.

"மா ஜெஸி, அவுக ட்ரம்மருக்குக் காய்ச்சல், பாங்காக்கிலேயே நின்னுட்டாராம். நீங்க அடிச்சுத் தருவியளான்னு கேக்குறாக. நீங்க சரின்னுட்டீகளே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரையே கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்ல? எங்க வாப்பாவும் இங்கதான் பொறந்தாக. எனக்கு ரெண்டுமே வெளிநாடுதாம்மா" என்று வயரைச் சுற்றத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ராணுவத்தில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் தூங்கிய ஒருவர் அந்த எல்லையிலிருந்து திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"வேண்டாம்னா வேண்டாம்ணே" என்று நானே முந்திக்கொண்டேன்.

"அவனுவளுக்கு ட்ரம்ஸ் இல்லேன்னா பாட்டு எப்படி நிக்கும்? பாடுகவனுவ வேற, சுடுகவனுவ வேற. போய் அடி." பிறகு, "ஆனா நம்ம ஆளுவளுக்கு அடிச்சதவிட நல்லா அடிச்சிராத மக்கா" என்றான். இருவரும் சிரித்தோம். போனை வைத்தபிறகுதான் அழுதேன்.

மறுநாள் பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் அரை மணி நேரம் முடிந்து மற்றவர்கள் இறங்கினார்கள், நான் மட்டும் இறங்கவில்லை. எங்கள் தூதரக அதிகாரி மேடை ஓரத்துக்கு வந்து, "நான் எதையும் பார்க்கவில்லை, தேநீர் குடிக்கப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது பாட்டில் நிமிர்ந்தபோது, கையில் கோப்பையோடு பின்வாசலில் நின்று அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டில் மின்சாரம் போனது. இந்த ஊருக்கு அது புதிதில்லை. ஜெனரேட்டர்தான் இருமி இருமி நின்றுவிட்டது. கிதார்கள் ஊமையாயின, கம்ரானின் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். என் தொழிற்சாலைத் தோழி மா ஏய் எழுந்து, பர்மாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை அந்தத் தாளத்துக்கு எடுத்தாள். மண்டபமே சேர்ந்துகொண்டது. எங்கள் கிதார்க்காரர் தன் பழைய மரக் கிதாரோடு மேடையேறி கம்ரானின் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடத் தெரியாது. வாயசைத்துச் சமாளித்தார்கள். நிபந்தனை மீறப்பட்டதா என்று அதிகாரிகள் டோ நுவேயைக் கேட்டதற்கு, "அவர்கள் எங்கே பாடினார்கள்? பாடியது நாங்கள்" என்றாராம்.

அடுத்த வாரம் வராந்தாவில் பெற்றோர்கள் ஒரே மூலையில் நின்றார்கள் என்று சொல்ல ஆசைதான். இல்லை. ஒரு அம்மா மட்டும் இன்னொரு அம்மாவிடம் கிதார் கம்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம்.

அம்மாவுக்கு இரண்டு படங்கள் அனுப்பினேன், எங்கள் குழுவோடு ஒன்று, கராச்சிக் குழுவோடு ஒன்று. இடைவேளையில் நான் வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து மா ஏய் மேடைக்கே வந்து, குளிர்ச்சிக்காக பர்மாப் பெண்கள் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை என் கன்னங்களில் அப்பிவிட்டிருந்தாள். இரண்டாவது படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. அம்மா உடனே கூப்பிட்டாள்.

"மொதப் படத்துல நல்லாருக்க மக்ளே. ரெண்டாவதுல அடிக்கது யாரு? அந்த பர்மாக்காரப் பிள்ள அப்படியே உன்ன மாதிரி இருக்கா."

அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அவள் சொன்னது பொய்யென்றும் எனக்குத் தோன்றவில்லை.