பிள்ளையார் கேற்றுக்கு ஓர் உபயம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடுகள் நிற்கும் ஒடுங்கிய ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கும் யார்டு, பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த மறுவருடம் வந்தது. அதற்கு முன் அங்கே பலகை விற்கும் மரக்காலை. இப்போது லொறிச் சட்டங்களையும் கொள்கலன் கதவுகளையும் கொண்டுவந்து, காற்றழுத்தக் குழாயால் மணல்போன்ற கறுப்பு உலோகக் கசடைப் பீய்ச்சித் துருவை உரிக்கிறார்கள். பிறகு துத்தநாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். மேலே கூரை இல்லை. சுற்றிலும் தகரம் மட்டும். குழாய் பிடிப்பவர் முகத்தில் ஓர் ஈரத் துவாய், அவ்வளவுதான். உரித்த துருவும் கசடும் எங்கே போகும் என்று அனுமதி கொடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குள் வருகிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் இழுத்தால் அதற்கு மீசை முளைக்கிறது. மிச்சத்தை மழை வாய்க்காலுக்குள் தள்ளுகிறது.

என் மனைவிக்குச் சிறுவயது முதலே முட்டு, மூச்சிழுப்பு. மருந்து உறிஞ்சும் குழலை முன்பெல்லாம் மாரியில் மட்டும்தான் தேடுவாள். யார்டு வந்தபின் அது அவள் கையை விட்டு இறங்குவதில்லை. இந்தத் தூசுக்குள் இருந்தால் இழந்த மூச்சு திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

எனக்குத் திகதிகளில் எப்போதும் ஒரு கண். காற்றடிக்கும் கொம்பிரசர் பெரும்பாலும் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களிலும் அரசாங்க விடுமுறைகளிலும்தான் இரைகிறது என்பதைப் பிடிக்க அதிக காலம் எடுக்கவில்லை. முறைப்பாட்டை விசாரிக்க வேண்டிய அதிகாரி வீட்டில் இருக்கும் நாள் அது. நான் மனு எழுதினேன். ஒழுங்கையே கையெழுத்திட்டது. சைவர்கள், கிறிஸ்தவ வேதக்காரர், முனையிலுள்ள முஸ்லிம் கடைக்காரர், எல்லோரும்.

மனுவைக் கொடுப்பதற்கு முன் பிள்ளையார் கோயில் திருவிழா வந்தது. துறைமுகக் காற்றில் துருவேறிப்போன கோயில் கேற்றைத் தன் செலவில் உரித்துப் பூசித் தருவதாக யார்டு முதலாளி சொல்லியனுப்பினார். பரிபாலன சபைக்குத் தலைகால் புரியவில்லை. கேற்றைக் கழற்றிக்கூட எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே, ஒழுங்கையின் நடுவில் குழாயைத் திறந்தார்கள். அன்று முழுவதும் என் மனைவி குளியலறைக்குள் ஈரத் துணியை முகத்தில் பிடித்தபடி இருந்தாள். வெளியே சனம் நின்று அழகு பார்த்தது. மாலையில் கேற்றுக்கு மேலே முதலாளியின் பெயரோடு 'உபயம்' என்று பலகை ஏறியது.

அடுத்த நாள் சபைத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்த மனுவில என்ர பேரை வெட்டிவிடும். உபயம் தந்த மனுசனுக்கு எதிரா என்னெண்டு கையெழுத்து வைக்கிறது? நாளைக்குச் சாமி தூக்கேக்க அவரும் வந்து நிப்பார்."

"கேற்றுக்குப் பெயின்ட் அடிக்க முதல் கையெழுத்து நல்லாத்தானே வைச்சனீங்கள்?" என்றேன்.

"அது வேற, இது வேற. தங்கச்சி, நீயாவது இவருக்குச் சொல்லன்."

என் மனைவி மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணை, பிள்ளையார் கல்லு. அவருக்குக் கேற்றில துரு இருந்தால் என்ன, இல்லாட்டில் என்ன? மூச்சு விடுறது நானெல்லே."

"சாமியை அப்பிடிக் கதைக்காதை."

"சாமியை ஒண்டும் சொல்லேல்ல. உங்களைத்தான் சொல்லுறன்."

அவர் போனார். ஆனால் அந்த வாரத்துக்குள் மற்றவர்களும் வந்தார்கள். பெயர்களை வெட்டி வெட்டி மனுவில் எங்கள் இருவர் பெயர்தான் மிஞ்சியது. சபைக்கூட்டமும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஒரு டப்பா பெயின்டுக்கு ஓர் ஒழுங்கையின் வாயை அடைக்கலாம் என்று அந்த முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது.

மனைவியைக் கடலோரம் வெள்ளவத்தையில் அவள் தமக்கையின் மாடிப் பிளட்டுக்குக் கூட்டிப்போனேன். கடற்காற்றில் இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறினாள். நான் கீழே நின்று பார்த்தேன். அதே நகரம், ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் தூரம். தமக்கை "இஞ்சையே இரன்" என்றார்.

"அது என்ர வீடு அக்கா. முதலாளி போகட்டும், நான் ஏன் போறது?" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு கையெழுத்து மனுவோடு சுற்றாடல் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் நல்லவராகவே கதைத்தார். புதன்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். புதன்கிழமை யார்டு கழுவித் துடைத்துக் கிடக்கும், போயாவில் வாருங்கள் என்றேன்.

"போயாவில ஒஃபீஸ் லீவுதானே, மாத்தையா." என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தாளுக்கும் அது தெரியும்" என்றாள் மனைவி. "எனக்குத்தான் லீவில்லை."

நாற்காலியை விட்டு அவள் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரி தேத்தண்ணீர் குடிக்கப் போய் வந்தார். சாப்பிடப் போய் வந்தார். அவள் அதே இடத்தில் குழலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த இரைப்பு அறை முழுவதும் கேட்டது. கடைசியில் அவர் சுவர்க் கலண்டரைக் கழற்றி மேசையில் போட்டார்.

"சரி நோனா, எந்தப் போயா?" என்று அவளிடம் கேட்டார்.

"வாற போயா" என்றாள். "விடியவே வாங்கோ. அவங்கள் வெள்ளனத் தொடங்கிவிடுவாங்கள்."